வேலில் கட்டிய வேம்பு

தமிழ் வகுப்பில் கருத்துணர்தல் நடைபெறும்போது ஒரு வினா தவறாமல் எழுகிறது. உரைப்பகுதியில் வரும் ஒருவரைச் சுட்டி, ‘இவரிடம் காணப்படும் பண்பு யாது?’ என்று கேட்பதே அது. விடையும் தவறாமல் வந்துவிடுகிறது. அன்பு, உதவும் மனப்பான்மை, விடாமுயற்சி, நன்றியுணர்வு என்று மனத்தில் அடுக்கி வைத்துள்ள சொற்களுள் ஒன்றை மாணவன் எடுத்து எழுதுகிறான். ‘எதைக் கொண்டு அவ்வாறு கூறுகிறாய்?’ என்று மேலும் வினவினால், பகுதியிலிருந்து ஒரு வரியைப் பெயர்த்து எழுதிவிடுகிறான். அவ்வரி அவன் விடையைத் தாங்குகிறதா என்று பார்ப்பார் அரியர். வரி ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே சான்று காட்டியாயிற்று என்று மதிப்பெண் விழுகிறது.

சொன்னதைக் கொண்டு சொல்லாததை அறிவதற்கு உய்த்துணர்தல் என்று பெயர். இது மேனாட்டுக் கல்வியாளர் அண்மையில் கண்டுபிடித்துத் தந்த கலையன்று. நன்னூலார் கூறும் 32 உத்திகளுள் இறுதியாக நிற்பது உய்த்துணர வைப்பு. தொல்காப்பியத்தின் மரபியலிலும் இதற்கு இடமுண்டு. நூல் செய்வோன் எல்லாவற்றையும் விரித்துரையான். படிப்போன் உணர்ந்துகொள்ளும்படி சிலவற்றை விட்டுவைப்பான் என்பது அதன் கருத்து. அங்ஙனம் விட்டுவைத்த இடத்தைப் படிப்போன் எதைக் கொண்டு நிரப்புகிறான் என்பதில்தான் வழக்கு இருக்கிறது. நூலில் உள்ளதைக் கொண்டு நிரப்பினால் அது உய்த்துணர்வு. தன் நெஞ்சில் முன்னரே இருந்ததைக் கொண்டு நிரப்பினால் அது வெறும் கற்பனை. இவ்விரண்டையும் பிரித்தறியும் திறனை இடைநிலைப் பள்ளியின் முதல் மூன்று படிவங்களில் பெறாத மாணவன், பின்னர்ப் பெறுவது கடினம்.

எடுத்துக்காட்டாக, வகுப்பில் வைப்பதற்கு ஏற்ற சிறு பகுதி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். கேமரன் மலையில் திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே உள்ள கோலா தெர்லாவில் கதை நிகழ்வதாக வைத்துக்கொள்க. ‘பெரியம்மா சன்னலோரம் நின்றார். மேசைமேல் இரண்டு கோப்பைகள். ஒன்றில் தேநீர் குடித்து முடிந்திருந்தது. மற்றொன்றில் ஆடை படிந்திருந்தது. கடைசிப் பேருந்து போய் வெகுநேரம் ஆயிற்று. வாசல் விளக்கை அவர் அணைக்கவில்லை.’ இவ்வளவுதான் பகுதி. பெரியம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால், மகனுக்காகக் காத்திருக்கிறார் என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதுவர். வேலைக்குப் போன கணவருக்காக என்று சிலர் எழுதுவர். அன்புள்ளவர் என்று பண்பையும் சேர்த்து எழுதுவாரும் உண்டு.

பகுதியில் மகன் எங்கே இருக்கிறான்? எங்கும் இல்லை. தாய்மார் காத்திருப்பது மகனுக்காகத்தான் என்று பல கதைகளில் படித்த பழக்கம் அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. காத்திருக்கிறார் என்பதற்கே சான்று யாது என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டாவது கோப்பை என்று மாணவன் கூறுவான். நல்ல விடைதான், ஆயினும் போதாது. விருந்தினர் ஒருவர் வந்து, தேநீரைத் தொடாமலே எழுந்து போயிருந்தாலும் கோப்பை அப்படியேதான் இருக்கும். சன்னலோரம் நிற்பதும், அணையாத வாசல் விளக்கும், அவ்விரண்டுக்கும் நடுவே பேருந்தைப் பற்றிய செய்தி வைக்கப்பட்டிருப்பதும் கோப்பையோடு சேரும்போதுதான் காத்திருத்தல் உறுதிப்படுகிறது. பேருந்தில் வரவேண்டியவர் வரவில்லை என்று ஓரளவு துணியலாம். அவர் யார் என்பதைப் பகுதி சொல்லவில்லை. சொல்லாததைச் சொல்லவில்லை என்று எழுதும் மாணவனுக்கே அங்கு முழு மதிப்பெண் உரியது. ஆனால் அவ்வாறு எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்பதைப் பிள்ளைகள் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள்.

இவ்விடத்தில் பழந்தமிழ்ப் பாட்டு ஒன்றை ஆசிரியர்கள் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளை உடையது, நக்கீரர் பாடியது. கார்காலம் கழிந்து கூதிரின் வாடை வீசும் நாட்களைக் காட்டுவது. மூல அடிகளை முதல் மூன்று படிவங்களுக்கு வைப்பது பொருந்தாது; எளிய உரைநடையில் கூறினால் மலைநாட்டுப் பிள்ளைகளைப்போல் அதை உணர்வார் வேறெவரும் இல்லை. குளிருக்கு அஞ்சிக் கைகளைத் தீயில் காய்ச்சும் ஆயர்கள், மேய்ச்சலை மறந்த ஆநிரை, நடுங்கும் மந்தி, பாலுண்ண வரும் கன்றை உதைத்துத் தள்ளும் பசு என்று அடுக்கிக்கொண்டு போகிறார் புலவர். தூறல் விடாத கோலா தெர்லாவின் மாலைப்பொழுதில் வளர்ந்த பிள்ளைக்கு இவற்றுள் எதற்கும் விளக்கவுரை தேவைப்படாது.

அப்பாட்டின் நகர்ப்பகுதியில் ஒரு காட்சி வருகிறது. வானம் முழுவதும் முகில் மூடியிருப்பதால் கதிரவன் இருக்கும் இடம் தெரியவில்லை. பொழுது சாய்ந்ததா இல்லையா என்று அறிய வழியில்லை. பெண்கள் பூந்தட்டில் பிச்சி அரும்புகளை இட்டு வைத்திருக்கிறார்கள். அரும்புகள் இதழ் விரிந்து மணம் வீசுகின்றன. மணத்தைக் கொண்டு மாலை வந்துவிட்டது என்று அறிந்து, அவர்கள் இரும்பு விளக்கில் திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள். அதே நகரில், அதே இருட்டில், மனையில் வாழும் புறாக்கள் இரவு எது பகல் எது என்று அறியாமல் மயங்கி, இரைதேடவும் போகாமல், இருந்த பலகையிலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு இருக்கின்றன.

உய்த்துணர்தல் என்றால் என்ன என்பதை விளக்க இதனினும் சிறந்த பகுதியைத் தேடவேண்டியதில்லை. பெண்களுக்கும் புறாக்களுக்கும் கிடைத்த வானம் ஒன்றே. பெண்களிடம் பூந்தட்டு இருந்தது. பிச்சி மாலையில்தான் விரியும் என்னும் அறிவும் இருந்தது. பூ மட்டும் இருந்து அவ்வறிவு இல்லையென்றால் வெறும் மணந்தான் மிஞ்சியிருக்கும். அறிவு மட்டும் இருந்து பூ இல்லையென்றால் புறாவின் நிலைதான். கண்ணெதிரே உள்ள ஒரு பொருளும், அதைப் பற்றி முன்னரே அறிந்த ஓர் உண்மையும் கூடுமிடத்தில்தான் புதிய அறிவு பிறக்கிறது. பகுதியிலுள்ள வரி பூவைப் போன்றது. வரியைப் பெயர்த்து எழுதிவிட்டு நிறுத்துகிற மாணவன், பூவைக் காட்டிவிட்டுப் பொழுதைச் சொல்லாமல் போகிறான். ‘பிச்சி மாலையில் விரியும்’ என்பதற்கு ஒப்பான நடுவாக்கியத்தை அவனைக் கொண்டு சொல்லச் செய்வதுதான் ஆசிரியரின் வேலை. அவ்வாக்கியம் பெரும்பாலும் வினாத்தாளிலும் இராது, விடைக்குறிப்பிலும் இராது.

நடுவாக்கியத்தைச் சோதிப்பதற்கும் தமிழில் கருவி உண்டு. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அளவைவாதி கருத்தளவையை மூன்றாகப் பகுத்துச் சொல்கிறான். காட்டில் யானையின் ஒலி கேட்டு அங்கு யானை உண்டென்று அறிவது ஒன்று. ஆற்று வெள்ளத்தைக் கண்டு மேற்புறத்தில் மழை பெய்தது என்று அறிவது மற்றொன்று. கருமுகில் கண்டு மழை வரும் என்று அறிவது மூன்றாவது. முன்னும் பின்னுமாக விளைவிலிருந்து காரணத்தையும் காரணத்திலிருந்து விளைவையும் அறியும் வகைகள் இவை. மலைநாட்டுப் பிள்ளைகளிடம் இவற்றுள் இரண்டாவதைச் சொன்னால் மறுப்பு வரக்கூடும், வரவேண்டும். 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கைத் தாக்கி உயிரிழப்பை ஏற்படுத்திய வெள்ளத்திற்கு மழை மட்டும் காரணமன்று. நிறைந்த அணையிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்து வந்தது. அணை இல்லாத காலத்து ஆற்றுக்குப் பொருந்திய நடுவாக்கியம் அணை உள்ள ஆற்றுக்கு அப்படியே பொருந்தாது. சாத்தனாரிடம் குறையில்லை; ஆறு மாறிவிட்டது.

இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை முறையைக் கற்பிக்கிறார். இம்மலை நெருப்புடையது, புகையுடைமையால், அடுக்களை போல என்னும் பழைய எடுத்துக்காட்டு அங்கு வருகிறது. ஏது என்று காட்டப்படும் காரணத்திற்கு மூன்று இலக்கணம் வகுக்கிறார். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதில் அக்காரணம் இருக்க வேண்டும். அதற்கு இனமான இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு மாறான இடத்தில் இருத்தல் கூடாது. மூன்றாவதுதான் உயிர்நாடி. நெருப்பில்லாத இடத்திலும் புகை இருக்குமானால் புகையைக் கொண்டு நெருப்பை நிறுவ முடியாது. இரண்டாவது தேநீர்க் கோப்பை தனித்து நின்று தோற்றது இவ்விலக்கணத்தால்தான். காத்திராத வீட்டிலும் அது இருக்கக்கூடும்.

இன்னும் ஒன்று. நெஞ்சில் ஐயம் இருக்கும்போதே துணிந்துவிடுவதையும் போலி ஏதுக்களுள் ஒன்றாக அக்காதை வைக்கிறது. எதிரே தெரிவது ஆவியோ பனியோ என்று ஐயுற்றுக்கொண்டே, அதைப் புகையென்று வைத்து நெருப்பு உண்டென்று முடிவு செய்வது அதற்குக் காட்டப்படும் சான்று. பதவுரையோடு இதைக் கடந்துபோகும் சமவெளி மாணவனைவிடக் கேமரன் மலை மாணவன் இங்கு நற்பேறு உடையவன். தேயிலைச் சரிவுகளில் காலை வேளையில் எழும் வெண்படலம் மூடுபனியா, காய்கறித் தோட்டத்தில் குப்பை கொளுத்திய புகையா என்று அவன் நாள்தோறும் பார்க்கிறான். மணத்தால் அறிவான், அசைவால் அறிவான், கண்ணில் எரிச்சல் உண்டா என்று கொண்டு அறிவான். ஒரு சான்று ஐயமாக இருந்தால் இன்னொரு சான்றைத் தேடவேண்டும் என்பது அவனுக்குப் பழகிய செய்தி. வகுப்பறைக்குள் நுழைந்து உரைப்பகுதியைக் கையில் எடுத்ததும் அப்பழக்கம் எங்கே போகிறது என்பதே வியப்பு.

இனி, தலைப்பிலுள்ள வேம்புக்கு வரலாம். நெடுநல்வாடையில் அரசியின் பெயர் இல்லை. அரசனின் பெயர் இல்லை. நகரின் பெயரும் இல்லை. அணிகளைக் களைந்த அரசி கட்டிலில் வருந்திக் கிடக்கிறாள். மேற்கட்டியில் தீட்டப்பட்ட ஓவியத்தில் திங்களைப் பிரியாதிருக்கும் உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கண்ணீரை விரலால் தெறிக்கிறாள். பணிப்பெண்கள் ஆறுதல் கூறுகிறார்கள். அரசனோ தொலைவில் பாசறையில் இருக்கிறான். நள்ளிரவிலும் உறங்காமல், புண்பட்ட வீரர்களைக் கண்டு தேற்றிக்கொண்டு, சிலரோடு சுற்றி வருகிறான். அவனுக்கு முன்னே ஒருவன் வேல் பிடித்து, புண்பட்டோரை முறையே காட்டிக்கொண்டு செல்கிறான். அவ்வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது.

பிரிந்த தலைவி, போர்மேற் சென்ற தலைவன், காலமோ கூதிர். படித்த அளவில் இதனை அகப்பாட்டு என்றே எவரும் கொள்வர். அகத்தில் தலைவனுடைய பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியர் விதி. இங்குப் பெயர் சுட்டப்படவும் இல்லை. ஆயினும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதனைப் புறம் என்று முடிவு செய்தார். அவர் காட்டிய சான்று அவ்வேம்பு ஒன்றே. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ; சேரர்க்குப் பனை, சோழர்க்கு ஆத்தி என்பதைப் போல. வேம்பைச் சொன்னமையால் இன்னான் என்று சுட்டியதாயிற்று. சுட்டியமையால் அகமாகாது என்பது அவர் வழக்கு. 188 அடிப் பாட்டின் இனத்தையே ஓர் இலை மாற்றிவிட்டது!

இம்முடிவை ஏற்காதவரும் உண்டு. பாட்டின் உணர்ச்சியெல்லாம் அகமாக இருக்க, ஓர் அடையாளத்தைக் கொண்டு புறமாக்குவது பொருந்தாது என்று பிற்காலத்தார் சிலர் கருதினர். அவ்வழக்கைத் தீர்ப்பது இங்கு நோக்கமன்று. நச்சினார்க்கினியர் தம் முடிவுக்கு வந்த நெறியைக் காண்க. தமக்குத் தோன்றியதை அவர் கூறவில்லை. பாட்டினுள் இருக்கும் பொருளைத் தொட்டுக் காட்டினார். அதனை முடிவோடு இணைக்கும் நடுவாக்கியத்தையும் வெளிப்படையாக வைத்தார். ஆகவேதான் அவரை மறுக்க விரும்புவோர்க்கும் வழி இருக்கிறது. வேம்பு அவ்வாறு சுட்டாது என்றோ, அடையாளப் பூவைக் கூறுவது பெயரைக் கூறியதாகாது என்றோ அவர்கள் வாதிடலாம். மறுப்பதற்கு இடம் வைத்துப் பேசுவதுதான் சான்றோடு பேசுவது. ‘இவர் அன்புள்ளவர்’ என்று எழுதும் மாணவனை மறுக்க வழியில்லை. அவன் சொன்னது உறுதியாக இருப்பதால் அன்று, பிடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லாமையால்.

இப்பகுதியை எளிய உரைநடையில் தோட்டத்துப் பிள்ளைகளிடம் வைத்து, வேலில் வேம்பு கட்டியிருப்பதால் என்ன அறிகிறாய் என்று கேட்டால், பாண்டியன் என்னும் விடை வராது. மூவேந்தரின் பூக்கள் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘அம்மனுக்கு நேர்ந்துகொண்ட வேல்’ என்று ஒரு பிள்ளை கூறும். மாரியம்மன் திருவிழாவில் வேப்பிலையைக் கண்ட பிள்ளை வேறு எவ்வாறு கூறும்? விடைக்குறிப்பைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையை எழுப்புவார். அங்கேதான் பாடம் கெடுகிறது.

அப்பிள்ளை செய்தது என்ன? பாட்டிலுள்ள பொருளையே எடுத்தது. தான் அறிந்த உண்மை ஒன்றை அதனோடு சேர்த்தது. முறை முழுவதும் சரி. சேர்த்த நடுவாக்கியம் வேறு காலத்தது, அவ்வளவுதான். அதுமட்டுமன்று. பாட்டில் சற்று முன்னர், அரசன் போர்த்தொழிலை வெற்றியோடு முடித்து வரவேண்டும் என்று கொற்றவையை வேண்டும் செய்தி இருக்கிறது. தெய்வமும் வேலும் வேம்பும் ஒரே பாட்டில் நிற்கின்றன. பிள்ளையின் விடைக்கு இரண்டாவது சான்றும் அகப்பட்டுவிட்டது! இதனை அப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு மூவேந்தர் பூக்களைப் பற்றிச் சொல்லி, இரண்டு விளக்கங்களுள் எது பாட்டின் மற்றப் பகுதிகளோடு மிகுதியாகப் பொருந்துகிறது என்று வகுப்பைக் கேட்க வேண்டும். வேல் கோயிலில் இல்லை, பாசறையில் இருக்கிறது. அதைப் பிடித்திருப்பவன் பூசாரி அல்லன். புண்பட்டவர்களை அரசனுக்குக் காட்டுகிறவன். படையில் இன்னார் படை என்று காட்டும் அடையாளம் வேண்டும். இவ்வளவையும் பிள்ளைகளே கூறுவர். அம்மன் வேல் என்ற பிள்ளையும் தானே தன் விடையை மாற்றிக்கொள்ளும். அல்லது மாற்றாமல் காரணம் காட்டும். இரண்டும் நன்றே.

பாண்டியன் என்று கண்டபின் எந்தப் பாண்டியன் என்னும் வினா எழும். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்று எல்லா நூலும் கூறும். பாட்டினுள் அதற்குச் சான்று உண்டா? அரசன் பலரோடு பகைகொண்டு போர் செய்கிறான் என்று இறுதியில் வருகிறது. ஆலங்கானத்தில் நெடுஞ்செழியனை எதிர்த்தவர் சேரனும் சோழனும் வேளிர் ஐவருமாக எழுவர். பொருந்துகிறது, ஆனால் பலரை எதிர்த்த பாண்டியன் அவன் ஒருவனே என்று எவர் சொல்ல முடியும்? உறுதியாகப் பெயர் சொல்வது பாட்டன்று. பாட்டின் இறுதியில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட குறிப்பு. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது பாட்டு, உரை, குறிப்பு என்று பிரித்துக் காணும் வசதி படிப்போர்க்குக் கிடைத்தது. பாட்டின் சொல் வேறு, பாட்டைப் பற்றிய சொல் வேறு என்பதைப் பாடநூல்கள் பல மறந்துவிடுகின்றன. கதைக்கு மேலே ‘நன்றி மறவாத நண்பன்’ என்று தலைப்பிட்டுவிட்டுக் கீழே நண்பனின் பண்பு யாது என்று கேட்டால், பிள்ளை கதையைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை.

நச்சினார்க்கினியரைப் புகழ்ந்தவாறே நிறுத்திவிடுதல் நேர்மையாகாது. சான்றைக் கையாளும் வகையில் அவரிடம் பெருங்குறையும் உண்டு. முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் உரை கண்டபோது, தொலைவில் நிற்கும் சொற்களையும் அடிகளையும் கொண்டுவந்து கூட்டி, மாட்டு என்னும் இலக்கணத்தின் பெயரால் தாம் கருதிய பொருளை அவர் உண்டாக்கினார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த காலத்தில் மறைமலையடிகள் 1903இல் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதினார். பாட்டு ஓடும் ஒழுக்கிலேயே பொருள் கொள்ள முடியும் என்று அதில் காட்டி, நச்சினார்க்கினியரின் முறையை வன்மையாக மறுத்தார். ஒரு சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் சான்றின் ஒரு பகுதி. பேருந்தைப் பற்றிய வாக்கியத்தை விளக்குக்கு முன்னிருந்து எடுத்துப் பகுதியின் தொடக்கத்தில் வைத்துவிட்டால், அது வெறும் நேரக்குறிப்பாகிவிடும். மாணவன் விடைத்தாளில் வரியைப் பெயர்த்து எழுதுவதும் சிறிய அளவில் மாட்டுத்தான். நிற்குமிடத்தை விட்டுப் பெயர்ந்த வரி எதற்கு வேண்டுமானாலும் சான்று சொல்லும்.

நெடுநல்வாடையில் நச்சினார்க்கினியர் ஓர் இலையைத் தொட்டுக் காட்டியதும், முல்லைப்பாட்டில் அடிகளைக் கலைத்ததும் ஒரே கையின் செயல்கள். நூல் தருவதை ஏற்றபோது அவர் பெரிய உரைகாரர்; தாம் விரும்பியதை நூலைக்கொண்டு சொல்வித்தபோது அவர் புலமையே அவருக்குப் பகையாயிற்று. புலமை மிக்கவர்க்கு நேர்ந்தது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நேராது என்று எவ்வாறு கூற முடியும்?

மலேசியப் பள்ளிகளில் இதனை எண்ணிப் பார்ப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. 2013இல் தொடங்கிய கல்விப் பெருந்திட்டத்தோடு உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் எல்லாப் பாடங்களிலும் புகுந்தன. தமிழ் வினாத்தாளிலும் ‘ஏன்’, ‘எவ்வாறு’, ‘உன் கருத்து யாது’ என்பன பெருகின. ஆனால் உயர்நிலை வினாவுக்கும் தாழ்நிலை விடைக்குறிப்பே எழுதப்பட்டது. ஏற்றுக்கொள்ளத்தக்க விடைகள் என்று நான்கு சொற்றொடர் அச்சிட்டு, ஐந்தாவது விடையைக் காரணம் நோக்காமல் தள்ளும் வழக்கம் வேரூன்றிவிட்டது. பல நாடுகளில் 15 வயதினரின் வாசிப்புத் திறனை அளக்கும் பீசா ஆய்வில், 2018இல் 415 புள்ளி பெற்ற மலேசியா 2022இல் 388க்கு இறங்கியது. அது தமிழில் நடத்தப்பட்ட தேர்வன்று. நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததும் இடையில் நேர்ந்தது. எனினும் தமிழ் வகுப்பில் படித்த பிள்ளைகளும் அக்கூட்டத்தினரே. ஒரு மொழியில் சான்று தேடப் பழகிய கண், மற்ற மொழியிலும் தேடும். ஒரு மொழியில் மனப்பாடச் சொல்லை ஒட்டப் பழகிய கை, மற்ற மொழியிலும் அதனையே செய்யும்.

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும், பிடி3 தேர்வு 2022இலும் நிறுத்தப்பட்டன. தேர்வு வாரியத்தின் விடைக்குறிப்பு தம் கையைக் கட்டியிருப்பதாக அதுவரை கூறிவந்த ஆசிரியர்களுக்கு அதனால் கட்டு அவிழ்ந்தது. மதிப்பிடும் பொறுப்பில் பெரும்பகுதி வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. வந்த பின்னும் பழைய விடைக்குறிப்பு நோட்டுகள் அலமாரியைவிட்டுப் போகவில்லை. வகுப்பில் 40 பேர் உள்ள பள்ளியில் ஒவ்வொரு விடைக்கும் காரணம் கேட்க நேரமில்லை என்பர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பேரே அமரும் தோட்டப் பள்ளிகளுக்கு அச்சமாதானம் செல்லாது. சிறிய பள்ளி என்று இரங்கப்படும் இடத்தில்தான், ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘எந்தச் சொல் உனக்கு அதைச் சொன்னது?’ என்று கேட்க நேரமிருக்கிறது. இது ஒரு விந்தையான செல்வம்.

வினா அமைப்பதிலும் சிறு மாற்றம் வேண்டும். ‘பண்பு யாது’ என்பதற்கு மாறாக, பகுதியிலிருந்து ஒரு சொல்லை நீக்கிவிட்டு, அது இல்லையென்றால் உன் விடை நிற்குமா என்று கேட்கலாம். வாசல் விளக்கை அணைத்துவிட்டார் என்று மாற்றினால் பெரியம்மா இன்னும் காத்திருக்கிறாரா? வேலில் வேம்புக்கு மாறாகப் பனையோலை கட்டியிருந்தால் பாட்டில் வேறு என்னென்ன மாறும்? பிச்சி காலையில் விரியும் பூவாக இருந்தால் அப்பெண்கள் என்ன செய்திருப்பார்கள்? விடை மாறினால் அச்சொல் சான்று. மாறாவிட்டால் அது அருகில் நின்ற வரி மட்டுமே. இச்சோதனைக்குத் தனி ஏடும் வேண்டா, கருவியும் வேண்டா. மூன்றாம் வினாவுக்கு, ‘அவர்களும் புறாவைப்போலக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள்’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை ஆசிரியரே முடிவு செய்யட்டும்.